ஐரோப்பா பெற்ற பிள்ளையா நவீன உலகம்?

நவீன உலகம் எப்படிப் பிறந்தது என்று கேட்டால், நம் பள்ளிப் பாடநூலும் போட்டித் தேர்வு வழிகாட்டியும் ஒரே பதிலைத்தான் ஒப்பிக்கின்றன. இங்கிலாந்தில் நூற்பு இயந்திரமும் நீராவியும் வந்தன. பாரிசில் பாஸ்டில் சிறை விழுந்தது. வால்டேரும் ரூசோவும் எழுதியதில் பகுத்தறிவும் சமத்துவமும் பிறந்தன. பிறகு அவையெல்லாம் கப்பலேறி, ஆங்கிலேயர் கைவழியாக நம்மை வந்தடைந்தன. இந்தக் கதையில் நமக்குக் கிடைத்திருப்பது பந்தியின் கடைசி இலை. காலனி ஆட்சியை வாய்நிறையத் திட்டுகிறவர்களும் இதே கதையை ஏற்றுக்கொண்டுதான் திட்டுகிறார்கள். சுரண்டினான், ஆனாலும் ரயிலையும் சட்டத்தையும் ஆலையையும் அவன்தானே கொடுத்தான் என்ற இடத்தில் வந்து நின்றுவிடுகிறார்கள். இந்தக் கணக்கே தப்பு என்பது என் கட்சி. அதைக் காட்ட உலகம் சுற்ற வேண்டியதில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கும் ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் போதும். ஒன்று நூற்பாலை ஊர். மற்றொன்று கோயிலுக்கும் கோர்ட்டுக்கும் பால்கோவாவுக்கும் பேர்போன ஊர். இந்த வட்டாரத்தில் ஆலையோ, சட்டத்தின் முன் சமம் என்ற உரிமையோ, வாக்குச் சீட்டோ ஏகாதிபத்தியத்தின் பிடி இறுக்கமாக இருந்தபோது வரவில்லை. பிடி தளர்ந்தபோது வந்தன, அல்லது பிடியை எதிர்த்து நின்றவர்களால் வந்தன. இந்தக் காலவரிசையைக் கவனித்துப் பார்ப்பவர், கொடுத்தவர் வாங்கியவர் என்ற பேச்சை நம்புவது கடினம்.

துணியிலிருந்து தொடங்குவதே முறை. தொழிற்புரட்சி முதலில் பருத்தி நூலின் கதை. இரும்பும் ரயிலும் அதற்குப் பின்னால் வந்தவை. 17-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சோழமண்டலக் கரையிலிருந்தும் குஜராத்திலிருந்தும் வங்காளத்திலிருந்தும் போன சீட்டித் துணி இங்கிலாந்து வீடுகளை நிறைத்தது. சாயம் போகாத, துவைக்கத் துவைக்கப் பளிச்சென்று இருந்த அந்தத் துணிக்கு முன்னால் அங்குள்ள கம்பளி, பட்டு நெசவாளர்கள் தாக்குப்பிடிக்க முடியவில்லை. கலகம் செய்தார்கள். 1700-ல் இந்தியச் சாயத் துணியின் இறக்குமதியைத் தடுத்து ஒரு சட்டம் வந்தது. அதுவும் போதாமல் 1721-ல் பெரும்பாலான அச்சுப் பருத்தித் துணிகளை உடுத்துவதையே குற்றமாக்கி இன்னொரு சட்டம் போட்டார்கள். இந்தச் சட்டச் சுவரின் மறைவில்தான் இங்கிலாந்தின் பருத்தி ஆலைப் பகுதியான லங்காஷயர் வளர்ந்தது. ஹார்கிரீவ்ஸின் ஜென்னி நூற்பு இயந்திரம் 1760-களில் வந்தது, ஆர்க்ரைட்டின் நீர்விசை நூற்புச் சட்டகம் 1769-ல், கிராம்ப்டனின் மியூல் 1779-ல். இவை மூன்றும் துரத்தியது ஒரே இலக்கை: இந்தியக் கை நூற்ற நூலின் உறுதியையும் மென்மையையும் எட்டிப் பிடிப்பது. பிரசன்னன் பார்த்தசாரதி போன்ற வரலாற்றாசிரியர்கள் இதை விரிவாக எழுதியிருக்கிறார்கள். நிலக்கரி பக்கத்திலேயே கிடைத்ததையும், கூலி அதிகமாக இருந்ததால் இயந்திரம் கட்டுபடியானதையும் காரணமாகச் சொல்வோர் உண்டு. இருக்கட்டும். இயந்திரத்தை எப்படி ஓட்ட முடிந்தது என்பதை அவை விளக்கும். எதைச் செய்வதற்காக அத்தனை பேர் அத்தனை ஆண்டுகள் மண்டையை உடைத்துக்கொண்டார்கள் என்பதை விளக்குவது இந்தியத் துணிதான். பாடநூல் முதல் அத்தியாயம் என்று வைத்திருப்பது உண்மையில் இரண்டாம் அத்தியாயம். முதல் அத்தியாயம் நம் கரையில் தறியில் எழுதப்பட்டது.

அந்தத் தறிக்குப் பிறகு என்ன ஆயிற்று? 18-ம் நூற்றாண்டுத் தென்னிந்திய நெசவாளர், வணிகரிடம் முன்பணம் வாங்கி நெய்தார். வேலை பிடிக்கவில்லை என்றாலோ, வேறொருவர் கூடுதல் விலை சொன்னாலோ, முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு விலகிக்கொள்ள அவருக்கு வழக்கப்படி உரிமை இருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியைப் பிடித்ததும் முதலில் கை வைத்தது இந்த உரிமையில்தான். முன்பணம் வாங்கியவர் கம்பெனிக்கே நெய்தாக வேண்டும். மறுத்தால் சேவகர் வாசலில் நிற்பார். ஒப்பந்தச் சுதந்திரம் என்பதை ஐரோப்பிய அறிவொளியின் பெரும் கொடையாகப் பேசுகிறவர்கள் இந்த இடத்தைத் தாண்டித்தான் போகிறார்கள். இங்கே நடைமுறையில் இருந்த ஒப்பந்தச் சுதந்திரத்தை, ஆடம் ஸ்மித் தன் நூலை எழுதிக்கொண்டிருந்த அதே காலத்தில், அவருடைய நாட்டுக் கம்பெனி பிடுங்கியது. அடுத்த நூற்றாண்டில் இந்தக் கரிசல் காட்டுக்கு ஒதுக்கப்பட்ட வேலை பருத்தி விளைவித்துக் கொடுப்பது. திருநெல்வேலிச் சீமைப் பருத்திக்கு 'டின்னிவெல்லி' என்று இங்கிலாந்துச் சந்தையில் தனிப் பெயரே இருந்தது. 1861 முதல் 1865 வரை அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நடந்து, அடிமைகள் பறித்த பருத்தி வராமல் போனபோது, கரிசல் பருத்தியின் விலை வானத்துக்கு ஏறியது. போர் முடிந்ததும் விழுந்தது. 1876-ல் தூத்துக்குடித் துறைமுகத்தை ரயில் தொட்டது. ரயிலைக் கொடுத்தார்கள் என்பவர்கள் அந்தத் தண்டவாளம் எதை ஏற்றிக்கொண்டு எந்தத் திசையில் போனது என்றும் சொல்ல வேண்டும். ராஜபாளையம் வழியாகச் செல்லும் விருதுநகர்–தென்காசிப் பாதை வந்தது 1927-ல்தான். ஏற்றுமதிப் பாதைக்கும் உள்ளூர்ப் பாதைக்கும் இடையே அரை நூற்றாண்டு.

ஆங்கிலேயர் இங்கேயே ஆலை கட்டவில்லையா என்று கேட்பார்கள். கட்டினார்கள். ஹார்வி சகோதரர்கள் பாபநாசத்தில் 1885-ல் தொடங்கி, தூத்துக்குடியிலும் மதுரையிலும் நூற்பாலை நடத்தினார்கள். தென்தமிழ்நாட்டின் ஆலைத் தொழிலுக்கு அவை முன்னோடி என்பதில் எனக்குத் தகராறு இல்லை. ஆனால் அதே காலத்து அரசின் கொள்கை என்ன என்பதை அருகிலேயே வைத்துப் பார்க்க வேண்டும். 1894-ல் அரசு வருவாய்க்காக இறக்குமதித் துணிக்கு 5 சதவீத வரி போட்டது. லங்காஷயர் கூச்சலிட்டது. 1896-ல் அதை 3.5 சதவீதமாகக் குறைத்து, இந்திய ஆலைகள் நெய்யும் துணிக்கும் அதே 3.5 சதவீதம் உற்பத்தி வரி விதித்தார்கள். நூலை விட்டுவிட்டார்கள், துணியைப் பிடித்துக்கொண்டார்கள். இந்தியன் நூல் நூற்கலாம், நெய்து லங்காஷயரோடு போட்டிக்கு வந்துவிடக் கூடாது. தடையற்ற வணிகம் என்ற தத்துவத்தை உலகுக்குப் போதித்தவர்கள், தங்கள் சொந்த ஆட்சிப் பரப்பிலிருந்த தொழிலுக்கு எதிராகவே முப்பது ஆண்டுகள் வரி வசூலித்தார்கள். அந்த வரி ஒழிந்தது 1926-ல்.

ராஜபாளையத்தின் ஆலை வரலாறு அந்தத் தேதிக்கு அப்புறம்தான் தொடங்குகிறது என்பது தற்செயல் அல்ல. 1930-களின் பொருளாதார மந்தத்தில் விளைபொருள் விலை சரிந்தது. நிலத்தில் போட்ட பணம் திரும்பாது என்று தெரிந்தபோது, கையில் மிச்சம் வைத்திருந்த வேளாண் குடிகள் வேறு வழி தேடினார்கள். லங்காஷயரின் ஏற்றுமதி நொடித்துப்போயிருந்தது. உள்நாட்டுத் தொழிலுக்கு இறக்குமதி வரியின் பாதுகாப்பு ஓரளவு கிடைத்தது. 1932-ல் நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கி, மின்கம்பி மெல்லத் தெற்கே நீண்டது. இந்தச் சூழலில்தான் பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936-ல் ராஜபாளையம் மில்ஸை நிறுவினார். 1938-ல் அதில் நூல் ஓடியது. அடுத்த ஆண்டே ராமராஜு சர்ஜிகல் காட்டன் மில்ஸ். விஜயநகர ஆட்சிக் காலத்தில் தெலுங்கு நாட்டிலிருந்து வந்து இங்கே உழவில் ஊன்றிய ராஜுக்களின் ஊரில், நிலத்திலிருந்து கிளம்பிய உள்ளூர்ப் பணம் ஆலையாயிற்று. மான்செஸ்டரின் மூலதனமும் இல்லை, மெட்ராஸ் வெள்ளைக்கார ஏஜென்சியின் தயவும் இல்லை. ஏகாதிபத்தியம் செழித்த 1880-களில் இந்த ஊருக்கு வராத தொழிற்புரட்சி, அது மூச்சுத்திணறிய 1930-களில் வந்தது. காரணகாரியம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று வாசகரே தீர்மானிக்கட்டும்.

இதற்கு எதிராக வைக்கப்படும் வாதங்களில் கனமானது ஒன்று உண்டு. பணம் உங்களுடையதாக இருக்கலாம், இயந்திரம் யாருடையது? கதிர் அவர்களுடையது, அதை ஓட்டும் பொறியியலும் அவர்களுடையது. அறிவொளி இல்லாமல் அறிவியல் இல்லை, அறிவியல் இல்லாமல் இயந்திரம் இல்லை. இந்த வாதத்தின் முதல் பாதி உண்மை. அந்தக் கால இந்திய ஆலைகள் பெரும்பாலும் லங்காஷயர் இயந்திரங்களையே வாங்கின. வாங்கின என்பதைக் கவனிக்க வேண்டும். விலை கொடுத்து, கப்பல் கூலி கொடுத்து வாங்கின. தானாக விரும்பி அறிவைப் பரப்பும் நோக்கம் இங்கிலாந்துக்கு ஒருபோதும் இருந்ததில்லை. நூற்பு, நெசவு இயந்திரங்களை வெளிநாட்டுக்கு அனுப்புவதையே 1843 வரை அதன் சட்டம் தடுத்து வைத்திருந்தது. தொழில் தெரிந்த கைவினைஞர் நாட்டைவிட்டுப் போவதையும் 1824 வரை தடுத்தது. அமெரிக்காவும் பிரான்சும் பெல்ஜியமும் அந்தச் சட்டத்தை ஏமாற்றி, ஆளைக் கடத்தியும் வரைபடத்தைத் திருடியும்தான் தங்கள் தொழிற்புரட்சியைச் செய்துகொண்டன. அவர்கள் இங்கிலாந்திடம் நவீனத்தைப் பெற்றதாக யாரும் எழுதுவதில்லை. அதே செயலைக் காசு கொடுத்து நேர்வழியில் செய்த ராஜபாளையம் மட்டும் ஏன் நன்றிக்கடன் பட்டிருக்க வேண்டும்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இயந்திரம் வந்தால் கைத்தறி சாகும், அதுதான் வளர்ச்சியின் விதி என்ற ஐரோப்பியப் பாடம் இங்கே அப்படியே நடக்கவில்லை. தமிழ்நாட்டுத் தறிகள் ஆலை நூலை வாங்கி நெய்து பிழைத்தன. ஸ்ரீவில்லிபுத்தூர், சுந்தரபாண்டியம், வத்திராயிருப்பு நெசவாளர்கள் ஆலைக் காலத்துக்குள்ளேயே தங்கள் தறியைக் கொண்டுவந்தார்கள். சத்திரப்பட்டிக்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள்: புடவைக்கும் வேட்டிக்கும் சந்தை சுருங்கியபோது, காயத்துக்குக் கட்டும் பேண்டேஜ் துணிக்கு மாறினார்கள். இன்று சத்திரப்பட்டி, சமுசிகாபுரம் விசைத்தறிகளில் நெய்த காஸ் துணி மருத்துவமனைகளுக்குப் போகிறது, கடல் தாண்டியும் போகிறது. குடிசையிலிருந்து ஆலைக்கு, ஆலையிலிருந்து நகரத்துக்கு என்ற ஒற்றைப் பாதையில் இந்த ஊர்களை வைக்க முடியாது. பாதை இவர்களே வெட்டியது. வரலாற்றுப் புத்தகத்தில் இதற்கு அத்தியாயம் இல்லாதது புத்தகத்தின் குறை.

இனி கருத்துக்கு வருவோம், ஏனென்றால் ஐரோப்பியப் பெருமையின் கடைசி அரண் அதுதான். துணியும் இயந்திரமும் எப்படியோ போகட்டும், மனிதன் பிறப்பால் சமம் என்ற எண்ணம் அங்கிருந்துதானே வந்தது என்பார்கள். அந்த எண்ணத்தை எழுதியவர்கள் அது யாருக்குப் பொருந்தாது என்பதையும் சேர்த்தே எழுதினார்கள். ஜான் ஸ்டூவர்ட் மில் 1859-ல் வெளியிட்ட சுதந்திரம் பற்றிய நூல் இன்றும் தாராளவாதத்தின் வேதம். அதன் தொடக்கத்திலேயே, 'பின்தங்கிய' சமூகங்களுக்கு இந்தக் கோட்பாடு பொருந்தாது, அவர்களை முன்னேற்றுவது நோக்கமானால் எதேச்சாதிகாரமே முறையான ஆட்சி என்று வாதிடுகிறார். அவர் முப்பத்தைந்து ஆண்டுகள் சம்பளம் வாங்கியது கிழக்கிந்தியக் கம்பெனியின் லண்டன் அலுவலகத்தில். பிரெஞ்சுப் புரட்சியின் கதையும் வேறல்ல. 1789-ல் மனித உரிமைப் பிரகடனம் வந்தது. அதே பிரான்சின் கரும்புத் தீவான இன்றைய ஹெய்ட்டியில் அடிமைகள் 1791-ல் ஆயுதம் எடுத்த பிறகே, 1794-ல் பாரிஸ் அடிமைமுறையை ஒழித்தது. 1802-ல் நெப்போலியன் அதைத் திரும்பக் கொண்டுவந்தான். ஹெய்ட்டி போரிட்டு 1804-ல் விடுதலை வாங்கியது. அந்த விடுதலைக்கு விலையாக 1825-ல் 15 கோடி பிராங்க் கேட்டது பிரான்ஸ். எல்லா மனிதருக்கும் சமத்துவம் என்ற வாக்கியத்தை எழுதியவர் பாரிஸ்காரராக இருக்கலாம். எல்லா மனிதருக்கும் என்பதை உண்மையாக்கியவர் அடிமை.

நம் வட்டாரத்தில் அறிவொளிப் பேரரசு எப்படி நடந்துகொண்டது? குற்றப் பழங்குடிகள் சட்டம் 1871-ல் வந்தது; 1911-ல் சென்னை மாகாணத்துக்கும் நீண்டது. அதற்கு முந்தைய ஆண்டுதான் ஸ்ரீவில்லிபுத்தூர் திருநெல்வேலி மாவட்டத்திலிருந்து பிரிந்து புதிய இராமநாதபுரம் மாவட்டத்தோடு சேர்ந்திருந்தது. அந்த மாவட்டங்களின் மறவர் குடிகளும் மதுரைப் பக்கத்துக் கள்ளர் குடிகளும் இந்தச் சட்டத்துக்குள் இழுக்கப்பட்டன. கைரேகை எடுத்துப் பதிவு செய்தார்கள். ஊரைவிட்டுப் போக அனுமதிச் சீட்டு வேண்டும், இரவில் காவல் நிலையத்தில் ஆஜராக வேண்டும். செய்த குற்றத்துக்கு அல்ல, பிறந்த சாதிக்கு. பிறப்பால் மனிதனை மதிப்பிடுவதை மூடநம்பிக்கை என்று சொல்லிப் புறப்பட்ட அறிவொளி, இங்கே அதையே விஞ்ஞானமாக்கிச் சட்டப் புத்தகத்தில் ஏற்றியது. கைரேகை என்பது அந்தக் காலத்தின் நவீனத் தொழில்நுட்பம் என்பதை மறக்க வேண்டாம்.

கோயில் வழக்கை எடுத்துக்கொள்ளலாம். 1897-ல் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார்கள் நுழைந்தார்கள். இராமநாதபுரம் ஜமீன்தார் பாஸ்கர சேதுபதி அவர்கள்மீது வழக்குத் தொடுத்தார். இந்தக் கோயில் தகராறுகள் மூட்டிய பகையில் 1899-ல் சிவகாசியில் பெரும் கலவரம் வெடித்தது. நாடார்கள் மதுரையில் தோற்று, சென்னை உயர் நீதிமன்றத்தில் தோற்று, லண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் போனார்கள். உலகின் கால்பகுதிக்குத் தீர்ப்புச் சொன்ன அந்த மன்றம் 1908-ல் என்ன சொன்னது? வழக்கப்படி நாடார்களுக்கு நுழைய உரிமை இல்லை என்றது. அதே 1908-ல், பிப்ரவரி கடைசியில் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் கூலி உயர்வும் ஞாயிறு விடுமுறையும் கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள், வ.உ. சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் முன்னே நின்றார்கள், கேட்டது கிடைத்தது. மார்ச்சில் இருவரும் கைதானார்கள், ஜூலையில் வ.உ.சி.க்கு இரட்டை ஆயுள் தண்டனை. ஒரே ஆண்டில், ஒரே சீமையில், சமத்துவம் கேட்டுக் கோயிலுக்குப் போனவரையும் மனிதருக்கான வேலை நேரம் கேட்டு ஆலை வாசலில் நின்றவரின் தலைவரையும் ஆங்கிலச் சட்டம் எப்படி வரவேற்றது என்று இந்த இரண்டு வழக்குகளும் சொல்கின்றன. சட்டத்தைக் கொடுத்தார்கள் என்பது உண்மைதான். சட்டம் அப்போது அவர்கள் பக்கம் இருந்தது.

மறுப்பவர்கள் விடமாட்டார்கள்: எதிர்த்தவர்கள் பேசிய மொழியே ஐரோப்பாவுடையது அல்லவா? ஓரளவு உண்மை. 1880-களில் சென்னையில் 'தத்துவ விவேசினி' இதழ் நடத்திய சுயசிந்தனையாளர்கள் லண்டன் நாத்திகர்களை வாசித்தார்கள். 1925-ல் தொடங்கிய 'குடி அரசு' 1931-ல் கம்யூனிஸ்ட் அறிக்கையைத் தமிழில் வெளியிட்டது. படித்தார்கள், எடுத்துக்கொண்டார்கள்; பல இடத்திலிருந்தும் எடுப்பது உயிருள்ள எந்தச் சமூகமும் செய்வதுதான். ஆனால் எடுப்பதற்கு முன்பே கேள்வி இங்கே இருந்தது. தென்கோடியில் வைகுண்டர் ஒடுக்கப்பட்டவர்களைத் தலைப்பாகை கட்டிக்கொண்டு வழிபட வரச் சொன்னது 1830-களில். அவர் ரூசோவைப் படித்தவர் அல்லர். விருதுநகர் நாடார்கள் மகமை என்று ஒவ்வொரு மூட்டைக்கும் இவ்வளவு எனத் தங்களுக்குள் பணம் ஒதுக்கி, 19-ம் நூற்றாண்டின் இறுதியில் சத்திரிய வித்தியாசாலை நடத்தினார்கள். தெருவே தனக்குத் தானே வரி போட்டுக்கொண்டு பள்ளி நடத்துவதற்கு எந்தப் பிரெஞ்சுத் தத்துவத்தின் உரையும் தேவைப்படவில்லை. பிரிவி கவுன்சிலில் தோற்றவர்களுக்கு அந்தப் பள்ளி மிஞ்சியது.

இப்படிச் சொன்னதும் எதிர்ப்புறத்திலிருந்து ஒரு கூட்டம் கைதட்ட வரும் என்பது தெரியும்: பார்த்தீர்களா, எல்லாம் நம்மிடமே இருந்தது! அந்தக் கைதட்டல் எனக்கு வேண்டாம். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பெண்ணின் குரலை ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகக் கருவறைக்குள் வைத்துப் பாடுகிறோம். ஆண்டாளின் ஊர்க் கோபுரமே மாநிலச் சின்னத்தில் இருப்பது என்று பெருமைப்படுகிறோம் (மதுரைக் கோபுரம் என்று வாதிடுவோரும் உண்டு, அது தனி வழக்கு). அந்தக் குரல் இந்த மண்ணின் பெண்களுக்குச் சொத்துரிமையைத் தரவில்லை; தீண்டாமைக்கு ஆளானவர்களுக்குக் கோயில் கதவைத் திறக்கவில்லை. திறந்தது 1939-ல் மதுரையில் நடந்த ஆலயப் பிரவேசமும், அதையொட்டி வந்த சட்டமும், 1947-ன் முழுமையான சட்டமும். பழம்பெருமை தந்ததும் இல்லை, வெள்ளைக்காரர் தந்ததும் இல்லை என்பதுதான் என் வாதம். இரண்டு கதைகளும் ஒரே வேலையைச் செய்கின்றன: போராடியவர்களின் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுகின்றன.

அதேபோல, உள்ளூர் முதலாளி கட்டிய ஆலை என்பதால் அது விடுதலையின் கூடம் ஆகிவிடவும் இல்லை. தமிழ்நாட்டு நூற்பாலைகள் பலவற்றில், திருமணத்துக்கு மொத்தப் பணம் என்று சொல்லி இளம்பெண்களை விடுதியில் அடைத்து வேலை வாங்கிய சுமங்கலித் திட்டம் நம் காலத்தின் அவமானம். 1997-ல் இதே விருதுநகர் மாவட்டத்தில் ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு ஒடுக்கப்பட்ட மக்களின் நாயகரான வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்ததற்காகக் கலவரம் வெடித்து, கடைசியில் அரசு எல்லாத் தலைவர்களின் பெயரையும் பேருந்துகளிலிருந்து எடுத்துவிட்டது. இதையெல்லாம் காட்டி, பார், அறிவொளி உங்களுக்குள் சரியாக இறங்கவில்லை என்பவர்கள் உண்டு. இறக்குமதிச் சரக்கு போதாது என்ற புகார் அது. பிரச்சினை வேறு: ஆலையில் ஒன்றாக நிற்பது தெருவில் ஒன்றாக நடக்கப் போதவில்லை. மான்செஸ்டர் ஆலைகள் ஓடிய நூறு ஆண்டுகளும் அங்கே பெண்ணுக்கு ஆணோடு சம வாக்கைத் தரவில்லை. 1928-ல்தான் அது வந்தது. இயந்திரம் எங்கேயும் தானாகச் சமத்துவத்தைப் பெற்றுப்போடவில்லை.

எங்கிருந்து வந்தால் என்ன, இப்போது நம்மிடம் இருக்கிறதே என்று அலுத்துக்கொள்பவர்களுக்கு ஒரு பதில் மீதியிருக்கிறது. மூலம் யாருடையது என்ற நம்பிக்கை நீதிமன்றத்தில் தீர்ப்பாகிறது. 1921-ல் நீதிக் கட்சி ஆட்சி தொடங்கிவைத்த வகுப்புவாரி ஆணை, கல்வியிலும் வேலையிலும் சாதிவாரியாக இடம் பிரித்துக் கொடுத்தது. புதிய அரசமைப்புச் சட்டம் வந்ததும் அதை எதிர்த்து வழக்குப் போட்டார்கள். சமத்துவம் என்றால் தனிமனிதர்களுக்கிடையே வேறுபாடு பாராட்டாதது, சாதி பார்த்து இடம் ஒதுக்குவது அதற்கு விரோதம் என்று சென்னை உயர் நீதிமன்றம் 1950-லும், செண்பகம் துரைராஜன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1951 ஏப்ரலிலும் ஆணையைத் தள்ளின. ஐரோப்பிய நூல்களில் உள்ளபடியே வாசித்தால் அது குற்றமில்லாத வாசிப்பு. தமிழ்நாட்டுத் தெரு அந்த வாசிப்பை ஏற்கவில்லை, கிளர்ச்சி எழுந்தது. அரசமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்து பதினேழு மாதம் முடியுமுன், 1951 ஜூனில் நாடாளுமன்றம் முதல் திருத்தத்தைக் கொண்டுவந்து, பின்தங்கிய வகுப்பினருக்குச் சிறப்பு ஏற்பாடு செய்யலாம் என்று 15-ம் பிரிவில் நான்காம் உட்பிரிவைச் சேர்த்தது. சமத்துவம் என்ற கருத்தின் பொருளையே ஐரோப்பியர் வைத்துவிட்டுப் போன இடத்திலிருந்து இந்த மாகாணம் நகர்த்தியது.

அந்த வழக்கை மாகாண அரசின் சார்பில் நடத்தித் தோற்ற ஆட்சியின் முதலமைச்சர் ராஜபாளையத்துக்காரர்: பி.எஸ். குமாரசாமி ராஜா. காந்தியத் தொண்டர், தம் வீட்டையே ஊருக்குக் கொடுத்தவர், இன்றும் அது காந்தி கலை மன்றமாக நிற்கிறது. 1952 ஜனவரியில், சொத்தும் வரியும் படிப்பும் பார்த்து வாக்களித்த பழைய முறை ஒழிந்து, 21 வயது நிறைந்த எல்லோரும் முதன்முதலாக வாக்களித்தார்கள். சுவிட்சர்லாந்தில் பெண்கள் நாடளாவிய வாக்குரிமைக்கு 1971 வரை காத்திருந்தார்கள். அமெரிக்கத் தென்மாநிலங்களில் கறுப்பின மக்களுக்கு 1965-ன் சட்டம் வர வேண்டியிருந்தது. இங்கே நெசவாளியும் பண்ணையாளும், அதுவரை எந்தப் பட்டியலிலும் பெயர் ஏறாத பெண்களும் வரிசையில் நின்றார்கள். உணவுத் தட்டுப்பாடும் ரேஷனும் ஊரை வாட்டிய நேரம் அது. பதவியிலிருந்த முதலமைச்சர் தம் சொந்தப் பகுதியில், ஸ்ரீவில்லிபுத்தூர்த் தொகுதியில், தோற்றுப்போனார்.